அடுப்பெரியும் மேடை

2,279 என்பது ஒரு கலோரிக் கணக்கு. காஸாவில் வாழும் ஒருவருக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு வராமலிருக்க ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள ஓர் அலுவலகம் 2008-ல் குறித்து வைத்தது. அந்தக் கலோரிகளை மாவு, அரிசி, எண்ணெய், காய்கறி என்று பிரித்தார்கள். பிரித்ததை டன்னாக்கி, டன்னை லாரியாக்கி, நாளைக்கு 106 லாரி, வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்கை முடித்தார்கள். ‘கிஷா’ என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு மூன்றரை ஆண்டு வழக்காடிய பிறகே 2012 அக்டோபரில் இந்தக் கோப்பு வெளியே வந்தது. ‘அது வெறும் வரைவு, அதன்படி எதுவும் செய்யவில்லை’ என்றது அரசுத் தரப்பு.

செய்தது எதுவென்று காஸாவின் இல்லத்தரசிகளுக்குத் தெரியும். 2007-ல் காஸா மீதான இஸ்ரேலின் முற்றுகை இறுகிய பிறகு பட்டை உள்ளே வரலாம், கொத்தமல்லி வரக்கூடாது என்றிருந்தது. ஜாம், ஹல்வா, சாக்லேட்டுக்கும் அனுமதியில்லை. 2009-ல் அங்கே போன அமெரிக்க செனட்டர் ஜான் கெர்ரி, அரிசி மனிதாபிமான உதவியாகக் கருதப்படுவதையும் மக்ரோனி லாரிகள் எல்லையிலேயே நிறுத்தப்பட்டிருப்பதையும் கேட்டு விசாரித்த பிறகுதான் மக்ரோனிக்கு வழி பிறந்தது. வெண்டைக்காய்க் குழம்பானாலும் முலூக்கியாக் கீரையானாலும், பூண்டையும் கொத்தமல்லி விதையையும் தட்டித் தாளித்துக் கொட்டாமல் காஸா வீட்டில் அடுப்பிலிருந்து இறக்க மாட்டார்கள். அந்தத் தாளிப்பில் ஒரு ராணுவ அலுவலகம் கை வைத்தது.

பாலஸ்தீன நாடகக்காரர்கள் ஏன் திரும்பத் திரும்பச் சமையலறைக்குள் போகிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. உலகத் தொலைக்காட்சிகளுக்குப் பாலஸ்தீனம் என்றால் இடிந்த கட்டடம், அழும் தாய், முகமூடி அணிந்த இளைஞன். மேடையில் வருவதோ மாவு பிசைகிறவள், கத்தரிக்காய் சுடுகிறவள், ரொட்டி வாங்கப் போன மகன் வந்து சேரவில்லையே என்று வாசலைப் பார்க்கிறவன். அரசியலிலிருந்து ஒதுங்கிய நாடகங்கள் என்று சிலர் இவற்றை ஒதுக்குவதுண்டு. அது சரியல்ல. ஆக்கிரமிப்பு என்பது அங்கே நாள்தோறும் வந்து தொடுவது பானையையும் தண்ணீர்க் குழாயையும்தான். அதைக் காட்டுவதற்குச் சமையலறையைவிடப் பொருத்தமான களம் எது?

விளக்கு அணைந்த நாடகம்

இதற்குக் கொஞ்சம் பழைய கதை உண்டு. 1967 போரில் மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் காஸாவும் இஸ்ரேலின் கைக்குப் போன சில ஆண்டுகளில் ‘பலாலீன்’ என்றொரு நாடகக் குழு உருவானது. 1972-ல் அவர்கள் போட்ட நாடகத்தின் பெயர் ‘இருட்டு’. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விடுகிறது. அது உண்மையான மின்வெட்டா, நாடகத்தின் பகுதியா என்ற குழப்பத்தில் நடிகர்களும் கூட்டமும் பேசத் தொடங்குகிறார்கள். மின்வெட்டையே கதையாக்கிய அந்தத் துணிச்சல் பிற்காலப் பாலஸ்தீன நாடகத்துக்கெல்லாம் ஒருவகை முன்னோடி.

அதே வட்டத்திலிருந்து வந்த பிரான்ஸ்வா அபு சலீம் 1977-ல் ‘எல் ஹக்கவாத்தி’யைத் தொடங்கினார். காபிக்கடைகளில் உட்கார்ந்து கதை சொல்கிறவருக்கு அரபியில் உள்ள பெயரையே குழுவுக்கு வைத்தார். கிழக்கு ஜெருசலேமில் மூடிக் கிடந்த நுஸ்ஹா திரையரங்கைக் குத்தகைக்கு எடுத்துச் சீராக்கி, 1984-ல் தங்களுக்கென்று ஓர் அரங்கத்தையும் திறந்தார்கள். இன்று பாலஸ்தீன தேசிய அரங்கம் என்று அழைக்கப்படுவது அதுதான். தணிக்கை, தடை, கைது எல்லாம் பின்னாலேயே வந்தன.

2000-ல் இரண்டாவது இன்திஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சி வெடித்தபோது ரமல்லாவின் அல் கஸபா அரங்கம் வேறொரு வழியில் போனது. ஊரடங்குக்கும் சோதனைச்சாவடிக்கும் நடுவே நடிகர்கள் தங்கள் சொந்த அனுபவங்களையே சிறு சிறு தனிமொழிகளாக எழுதினார்கள். அவற்றைக் கோத்துச் செய்த ‘பாலஸ்தீனத்திலிருந்து உயிருடன்’ என்ற நாடகம் 2001-ல் லண்டன் ராயல் கோர்ட் அரங்குக்குப் போனது. மேடை முழுவதும் பழைய செய்தித்தாள்களின் குவியல். அந்தக் குவியலுக்குள்ளிருந்து நடிகர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து பேசுகிறார்கள். தலைப்புச் செய்தியின் அடியில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஆள் எழுந்து வந்து நேற்று நடந்ததைச் சொல்கிறான். அதில் காதல் இருக்கிறது, வேலைக்குப் போகும் பாடு இருக்கிறது, கறுப்பு நகைச்சுவையும் தாராளமாக இருக்கிறது.

போருக்கு நடுவே அன்றாடத்தைப் பிடிவாதமாகப் பற்றிக்கொள்வதற்கு இலக்கியத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய முன்மாதிரி இருந்தது. 1982 பெய்ரூத் முற்றுகையின் ஒரு நாளைப் பற்றிப் பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் எழுதிய உரைநடை நூலில், குண்டுமழைக்கு நடுவே அவர் ஏங்குவது ஒரு கோப்பைக் காபிக்கு. ஐந்து நிமிடம் குண்டு நின்றால் போதும், அடுப்பங்கரைக்குப் போய்க் காபி போட்டுவிடலாம் என்பது அந்த ஆளின் தவிப்பு. பக்கம் பக்கமாகக் காபி போடும் பக்குவத்தை எழுதியிருக்கிறார். நூல் பின்னர் மேடையும் ஏறியிருக்கிறது.

மூன்று சமையலறைகள்

‘உணவும் ஃபத்வாவும்’ என்ற நாடகம் 2012 கோடையில் நியூயார்க் தியேட்டர் ஒர்க்‌ஷாப்பில் அரங்கேறியது. எழுதியவர்கள் லமீஸ் இஸ்ஸாக், ஜேக்கப் கேடர். நாயகி ஃபத்வாவாக நடித்தவரும் லமீஸ்தான். மத்தியக் கிழக்குக் கலைஞர்களுக்காக அவரும் தோழிகளும் தொடங்கிய ‘நூர் தியேட்டர்’ தயாரிப்பில் பங்கேற்றது.

ஃபத்வா பெத்லகேமில் இருக்கும் முப்பது தாண்டிய பெண். கல்யாணமாகவில்லை. அப்பாவுக்கு மறதி நோய்; அவரைக் கவனிப்பதும் குடும்பத்துக்கு ஆக்கிப் போடுவதும் அவள் பொறுப்பு. அவளுக்கு ஒரு ரகசிய விளையாட்டு உண்டு. அடுப்படியில் தனியாக இருக்கும்போதெல்லாம் ஒரு தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சியைத் தான் நடத்துவதாகக் கற்பனை செய்துகொண்டு, இல்லாத கேமராவைப் பார்த்து, அதாவது அரங்கில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்து, பேசுகிறாள். கத்தரிக்காயை நெருப்பில் வாட்டி, கருகிய தோலை உரித்து மசித்து, எள்ளு விழுதும் எலுமிச்சையும் சேர்த்து பாபா கனூஷ் ஆக்கும் விதத்தைச் சொல்லித் தருகிறாள். நம் வீட்டில் சுட்ட கத்தரிக்காய் மசியல் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புகைவாசம் உடனே பிடிபடும்.

தங்கையின் கல்யாணம் நெருங்குகிறது. அமெரிக்காவிலிருந்து ஒன்றுவிட்ட சகோதரி வந்து இறங்குகிறாள். அங்கே உணவகம் நடத்திப் பெயர் வாங்கியவள். ஃபத்வா அடுப்படியில் கனவாக வைத்திருப்பதை நியூயார்க்கில் வியாபாரமாக்கி வெற்றி கண்டவள். இருவருக்கும் நடுவில் ஒரு பழைய காதலனும் உண்டு. கல்யாணத்துக்கு முன் ஊரடங்கு வந்து கவிகிறது. நாள் போகப் போக வீட்டில் சாமான் குறைகிறது. நேற்றுவரை தாராளமாகச் செய்முறை சொல்லிக்கொண்டிருந்த ஃபத்வாவின் சமையல் நிகழ்ச்சி, இருப்பதை வைத்து ஓட்டும் நிகழ்ச்சியாகச் சுருங்குகிறது.

குடும்பச் சிக்கல்களை அடுக்கிய விதத்தில் நாடகம் சில இடங்களில் சீரியல் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டுக்குள் மறதி நோய், முன்னாள் காதல், சகோதரிச் சண்டை எல்லாவற்றையும் திணித்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தச் சமையல் நிகழ்ச்சி என்ற உத்தி அபாரம். ஊரடங்கைப் பற்றி ஒரு பாத்திரம் பத்து நிமிடம் பிரசங்கம் செய்திருந்தால் மறந்துபோயிருக்கும். சிரித்த முகத்தோடு செய்முறை சொல்கிறவளின் கையில் சாமான் இல்லாமல் போவது மறக்காது.

இரண்டாவது சமையலறை சிரியாவுடையது. ஆனால் எழுதியவர் பாலஸ்தீனர். கிழக்கு ஜெருசலேமில் வளர்ந்த அமீர் நிஸார் ஸுஆபி, சிரியத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்த நடிகை கொரீன் ஜாபரோடு சேர்ந்து உருவாக்கியது ‘ஓ என் இனிய நாடே’. சிரியப் போரிலிருந்து தப்பி ஜோர்டானிலும் லெபனானிலும் தஞ்சமடைந்தவர்களை நேரில் சந்தித்துக் கேட்ட கதைகள்தாம் இதன் மூலப்பொருள். 2014-ல் லண்டன் யங் விக் அரங்கில் ஜாபரே நடித்தார்.

மேடையில் ஒரே ஒரு பெண். அவள் எதிரே அடுப்பு, வெங்காயம், கொத்துக்கறி, உடைத்த கோதுமை. குப்பே செய்யப் போகிறாள். உடைத்த கோதுமையையும் கறியையும் சேர்த்து அரைத்து, உள்ளங்கையில் கிண்ணம்போல் குழித்து, உள்ளே தாளித்த கறியை வைத்து, இரு முனையையும் கூராக்கி மூடி எண்ணெயில் பொரிக்க வேண்டும். கை நடுங்கினால் ஓடு கிழியும். கை அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்க, வாய் சொல்லும் கதை வேறு: அவள் காதலித்த சிரிய அகதி ஒருவன் திடீரென்று காணாமல் போகிறான், அவள் அவனைத் தேடி எல்லை தாண்டிப் போகிறாள், வழியெங்கும் சித்திரவதையிலிருந்து மீண்டவர்களைச் சந்திக்கிறாள். கதை கொடூரமாகும்போதும் கை நிற்காது. வெங்காயம் நறுக்குவதால் வரும் கண்ணீரா, மற்றதா என்று பார்ப்பவருக்கும் குழப்பம்.

2017-ல் நியூயார்க்கில் ‘ப்ளே கம்பெனி’ இதை அரங்கத்திலிருந்தே வெளியே எடுத்துச் சென்றது. நகரின் வெவ்வேறு பகுதிகளில் யார் யாருடைய வீட்டுச் சமையலறையிலோ நடிகை நதீன் மலூஃப் நடித்தார். ஒரு சமையலறையில் எத்தனை பேர் நிற்க முடியுமோ அத்தனை பேர்தான் கூட்டம். எண்ணெய் தெறிக்கும் தூரத்தில் உட்கார்ந்து ஒருவர் சித்திரவதைக் கதையைக் கேட்பதற்கும், பத்தாவது வரிசையிலிருந்து கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே கண்ணைத் திருப்பிக்கொள்ளவும் இடமில்லை.

மூன்றாவதும் ஸுஆபி எழுதியதுதான். 2020 டிசம்பர், கொரோனா உலக அரங்கங்களையெல்லாம் பூட்டியிருந்த நேரம். ‘இதுதான் நான்’ என்ற நாடகம் இணையத்தில் நேரலையாக நடந்தது. ரமல்லாவில் அப்பா, நியூயார்க்கில் மகன். அம்மா இறந்துவிட்டாள். அவள் செய்யும் ‘ஃபதீர்’ என்ற பண்டத்தை இருவரும் காணொலி அழைப்பில் பேசிக்கொண்டே தத்தம் அடுப்படியில் செய்து பார்க்கிறார்கள். செய்முறை எழுதி வைக்கப்படவில்லை. ஞாபகத்திலிருந்து தோண்ட வேண்டும். மாவு பிசையும்போது பழைய சண்டைகளும் மேலே வருகின்றன. மகன் ஏன் போனான், அப்பா ஏன் பேசாமல் இருந்தார் என்று ஒவ்வொன்றாக. நடிகர்கள் இருவரும் உண்மையிலேயே அவரவர் வீட்டுச் சமையலறையிலிருந்து நடித்தார்கள். சோதனைச்சாவடியும் விசாவும் பிரித்து வைத்த குடும்பங்களுக்குக் கைப்பேசித் திரை வழியாகச் சேர்ந்து சமைப்பது புதிய விஷயமல்ல. கொரோனா வந்த பிறகு மற்றவர்களுக்கு அது புரிந்தது, அவ்வளவுதான்.

பசி மேடையேறியபோது

உணவைக் காட்டும் நாடகங்களின் மறுபக்கம், உணவில்லாமையைக் காட்டும் நாடகம். 2002 ஏப்ரலில் இஸ்ரேலிய ராணுவம் பெத்லகேமுக்குள் நுழைந்தபோது ஆயுதம் தாங்கிய பாலஸ்தீனர்களும் பொதுமக்களும் பாதிரியார்களுமாகச் சுமார் 200 பேர் இயேசு பிறந்த இடமாகப் போற்றப்படும் தேவாலயத்துக்குள் அடைபட்டார்கள். 39 நாள் முற்றுகை. உள்ளே இருந்த உணவு தீர்ந்ததும் முற்றத்து மரங்களின் இலைகளைப் பறித்து வேகவைத்துத் தின்றார்கள். முடிவில் 13 பேர் ஐரோப்பிய நாடுகளுக்கும் 26 பேர் காஸாவுக்கும் நாடு கடத்தப்பட்டனர்.

ஜெனின் அகதி முகாமின் ‘ஃப்ரீடம் தியேட்டர்’ அந்த நாடுகடத்தப்பட்டவர்களைத் தேடிப்பிடித்துப் பேசி, 2015-ல் ‘முற்றுகை’ நாடகத்தை உருவாக்கியது. நபீல் அல் ராஈ, ஸோயி லாஃபர்ட்டி இருவரின் இயக்கம். துப்பாக்கி ஏந்தியவர்களை மேடையேற்றுவதா என்று பிரிட்டனில் பத்திரிகைகள் கூச்சலிட்டன. நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டர் 2016-ல் போடுவதாக இருந்து கைவிட்டது. அடுத்த ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்கிர்பால் அரங்கில் நடந்தது. எதிர்த்தவர்கள் துப்பாக்கியை மட்டும் பார்த்தார்கள். நாடகத்தில் அதைவிட அதிகமாக இருந்தது பசி. சரணடைவதா, செத்துப்போவதா என்ற விவாதம் காலியான வயிற்றோடு நடப்பதுதான் அந்த நாடகத்தின் பலம்.

ஹைஃபா நகரில் இயங்கும் கஷாபி அரங்கத்தின் பாஷார் முர்குஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 2022-ல் பிரான்சின் அவிஞோன் விழாவில் அரங்கேறிய அவருடைய ‘பால்’ நாடகத்தில் வசனம் கிடையாது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் வருகிறார்கள். பேரிடர்ப் பயிற்சிகளில் பயன்படும் பொம்மை உடல்களை மடியில் ஏந்துகிறார்கள், தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். குடிக்கப் பிள்ளையில்லாத பால் வழிந்து, மேடையை நிறைத்து, அவர்கள் அதற்குள் வழுக்கி விழுந்து எழுகிறார்கள். எந்த ஊர், எந்தப் போர் என்று சொல்லப்படவேயில்லை. சொல்லாததால்தானோ என்னவோ, பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த போரை அதில் கண்டார்கள்.

வாசனையில் ஒரு வில்லங்கம்

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு சந்தேகத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த நாடகங்களில் கணிசமானவை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எழுதப்பட்டவை அல்லது அங்கே பெயர் வாங்கியவை. அந்த ஊர்க் கூட்டத்துக்கு ஹம்மூஸும் ஃபலாஃபலும் ஏற்கெனவே பழக்கம். அரங்கத்தில் வெங்காயம் வதங்கும் வாசனை எழுந்ததும் ‘ஆஹா, இவர்களும் நம்மைப் போலத்தான்’ என்று ஒரு நிம்மதி பிறக்கிறது. ஒரு மக்கள் மனிதர்கள்தாம் என்று நிரூபிக்க அவர்கள் நன்றாகச் சமைத்துக் காட்ட வேண்டியிருப்பது கொஞ்சம் அவமானமான விஷயம். நன்றாக நடித்துச் சமைத்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து உணவகத்தில் அதே பண்டத்தை வாங்கித் தின்றுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பலாம்.

தேறிய நாடகங்கள் இந்த நிம்மதியைக் கெடுக்கின்றன. குப்பே பொரிக்கிறவள் சித்திரவதைக் கதையை நிறுத்தவில்லை. ஃபத்வாவின் அடுப்படியில் சாமான் தீர்ந்துபோகிறது. முர்குஸ் பாலைக் குடிக்கக் கொடுக்காமல் தரையில் ஓடவிடுகிறார்.

பார்வையாளருக்கு உண்மையிலேயே சாப்பாடு போட்ட நாடகங்களும் உண்டு. 1991-ல் இஸ்ரேலின் அக்கோ நகரில் டூடி மாயன் இயக்க, யூத நடிகர்களும் பாலஸ்தீன நடிகர் காலித் அபு அலியும் சேர்ந்து யூத இனப்படுகொலையின் நினைவைப் பற்றிச் செய்த மணிக்கணக்கான படைப்பில், கூட்டத்துக்கு விருந்தும் இருந்தது. சாப்பிட்ட கை உலர்வதற்குள் அவர்கள் பார்த்த காட்சிகள் எளிதில் செரிக்கக்கூடியவையல்ல. நம்மவர் எடுத்துக்காட்டும் ஒன்று இருக்கிறது. எஸ். சக்திதரன் எழுதி ஈமன் ஃபிளாக் இயக்கிய ‘கவுண்டிங் அண்ட் கிராக்கிங்’ 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறியபோது, வந்தவர்களுக்கு இலங்கைச் சாப்பாடு கிடைத்தது. இலங்கையில் 1956 தொடங்கி ஆஸ்திரேலியாவில் 2004 வரை நீளும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. நாடகத்தின் நீளம் மூன்றரை மணி நேரம். சோற்றையும் கறியையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பிறகு 1983 கலவரத்தைப் பார்த்தார்கள். 2020-ல் அதன் பிரதி ஆஸ்திரேலியாவின் விக்டோரியா இலக்கியப் பரிசை வென்றது. போரைப் பேசும் நாடகத்தில் உணவை எங்கே வைப்பது, எதற்கு முன்னால் பரிமாறுவது என்பதெல்லாம் கலைத் தீர்மானங்கள் என்பது இவற்றைப் பார்த்தால் விளங்கும்.

ஜெனினில் பூட்டிய கதவு

உள்ளூர்க் கூட்டத்துக்காக நடிக்கும் குழுக்களுக்கு இந்த வில்லங்கம் குறைவு. ஃப்ரீடம் தியேட்டர் அப்படிப்பட்டது. அதன் வேர் ஆர்னா மெர் என்ற யூதப் பெண்மணியிடம் இருக்கிறது. பாலஸ்தீனக் கம்யூனிஸ்ட்டான சலீபா காமிஸை மணந்தவர். முதல் இன்திஃபாதா நாட்களில் ஜெனின் முகாமில் குழந்தைகளுக்காக அவர் செய்த கல்வி, கலைப் பணிக்காக 1993-ல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது. அங்கே உருவான சிறு அரங்கம் 2002 படையெடுப்பில் அழிந்தது. மகன் ஜூலியானோ மெர்-காமிஸ் 2006-ல் அதே முகாமில் ஃப்ரீடம் தியேட்டரைத் தொடங்கினார். 2011 ஏப்ரல் 4 அன்று அரங்கத்துக்கு வெளியே முகமூடி அணிந்த ஆள் அவரைச் சுட்டுக் கொன்றான். கொலையாளி யாரென்று இன்றுவரை துலங்கவில்லை.

குழு நின்றுவிடவில்லை. 2012-ல் ‘விடுதலைப் பேருந்து’ என்று ஒன்றைக் கிளப்பினார்கள். நடிகர்களும் இசைக்கலைஞர்களும் மேற்குக் கரைக் கிராமங்களுக்குப் போவார்கள். ஊர்க்காரர் ஒருவர் எழுந்து தன் கதையைச் சொல்வார்: தண்ணீர்த் தொட்டியை உடைத்தது, வீட்டை இடித்தது, ஆடு மேய்க்கப் போன இடத்தில் நடந்தது என்று எதுவானாலும். எழுதிய பிரதி கிடையாது. கேட்ட கையோடு அங்கேயே நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். சொன்னவர் முன்வரிசையில் உட்கார்ந்து தன் வாழ்க்கையைத் தானே பார்ப்பார். இந்தியாவோடும் இந்தக் குழுவுக்கு உறவுண்டு. வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் ‘ஜன நாட்டிய மஞ்ச்’ குழுவோடு சேர்ந்து உருவாக்கிய வீதி நாடகத்தோடு 2015 இறுதியிலும் 2016 தொடக்கத்திலும் இந்திய நகரங்கள் பலவற்றில் சுற்றினார்கள். நடித்துக்கொண்டிருக்கையில் தாக்கப்பட்டு இறந்த ஹாஷ்மியின் தோழர்களும், அரங்க வாசலில் சுடப்பட்ட ஜூலியானோவின் தோழர்களும் ஒரே தெருவில் நின்று நடித்தது சாதாரணக் காரியமல்ல.

2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்து காஸா மீது போர் மூண்டது. அந்த டிசம்பர் 13 அன்று இஸ்ரேலிய ராணுவம் ஃப்ரீடம் தியேட்டருக்குள்ளும் நுழைந்தது. கலை இயக்குநர் அஹ்மத் தோபாசியைப் பிடித்துப்போய் மறுநாள் விட்டார்கள். பொது மேலாளராக இருந்த முஸ்தபா ஷத்தா, குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாத நிர்வாகக் காவலில் 15 மாதம் இருந்து, 2025 மார்ச்சில்தான் வெளியே வந்தார். அதற்குள் முகாமே காலியாகியிருந்தது. 2025 ஜனவரியில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையில் ஜெனின் முகாமின் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அரங்கமும் அதற்குள் மாட்டிக்கொண்டது. குழுவினர் முகாமுக்கு வெளியே கிடைத்த இடங்களில் குழந்தைகளுக்கான வேலையைத் தொடர்கிறார்கள்.

காஸாவில் பூட்டுவதற்குக் கதவே மிச்சமில்லை. அங்கிருந்த முக்கியமான அரங்குகளில் ஒன்றான சயீத் அல் மிஷால் பண்பாட்டு மையம் 2018 ஆகஸ்ட் 9 அன்றே விமானத் தாக்குதலில் தரைமட்டமாகிவிட்டது. ஹமாஸ் பயன்படுத்திய கட்டடம் என்றது இஸ்ரேல். நாடகம் நடத்திய இடம் என்றார்கள் கலைஞர்கள். இடிபாடுகளின் மேலேறி நின்று அவர்கள் பாடிய படங்கள் அப்போது உலகம் முழுவதும் போயின.

கொத்தமல்லித் தடை இப்போது பழங்கதையாகத் தோன்றும். 2024 பிப்ரவரி 29 அன்று காஸா நகரில் மாவு லாரிகளுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இஸ்ரேலிய ராணுவம் சுட்டதால் என்கிறது பாலஸ்தீனத் தரப்பு, பெரும்பாலும் நெரிசலால் என்கிறது இஸ்ரேல். 2025 மார்ச் 2 முதல் உதவிப் பொருட்கள் முழுவதுமாக நிறுத்தப்பட்டதில், உலக உணவுத் திட்டத்தின் ஆதரவில் இயங்கிய 25 ரொட்டி அடுமனைகளும் ஒரு மாதத்துக்குள் மூடப்பட்டன. மாவும் இல்லை, எரிவாயுவும் இல்லை. ஆகஸ்ட் 22 அன்று, பசியை அளவிடும் சர்வதேச அமைப்பான ஐபிசி, காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக அறிவித்தது. இஸ்ரேல் அதை மறுத்தது.

இந்தச் சூழலில் ‘உணவும் ஃபத்வாவும்’ போன்ற நாடகத்தை இன்று எப்படிப் பார்ப்பது? 2012-ல் அது ஊரடங்கு நாளின் தட்டுப்பாட்டைக் காட்டிய நாடகம். இன்று அதே பாபா கனூஷ் காட்சியை யாராவது மேடையேற்றினால், சமைக்கப்படும் ஒவ்வொரு பொருளும் காஸாவில் கிடைக்கிறதா என்ற கேள்வியோடுதான் கூட்டம் உட்கார்ந்திருக்கும். பிரதியில் ஒரு வரி மாறவில்லை, பார்க்கிறவன் மாறிவிட்டான்.

பிள்ளைகள் எழுதியது

ரமல்லாவை மையமாகக் கொண்டு இயங்கும் ‘அஷ்தார்’ அரங்கத்தை இமான் அவூனும் எட்வர்ட் முஅல்லிமும் 1991-ல் தொடங்கினார்கள். 2008-09 போர் முடிந்த பிறகு, காஸாவின் பதின்வயதுப் பிள்ளைகள் முப்பதுக்கும் மேற்பட்டோரை உட்காரவைத்து, பயிற்சி கொடுத்து, தங்கள் அனுபவத்தை எழுதச் செய்தார்கள். அதுவே ‘காஸா தனிமொழிகள்’. ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை தன் குரலில் பேசுவது. அரசியல் தலைவர்கள் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான். வீடும் தெருவும் பள்ளியும் கடலும் பயமும்தான் அவற்றில் நிறைந்திருக்கின்றன. காஸாவைவிட்டு அந்தப் பிள்ளைகள் வெளியே வர முடியாததால் பிரதிகள் மட்டும் பயணம் போயின. 2010 அக்டோபர் 17 அன்று பல நாடுகளில் ஒரே நாளில் அந்தந்த ஊர்ப் பிள்ளைகள் அவற்றை நடித்தார்கள். அந்த நவம்பரில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையிலும் நடந்தது.

2023-ல் அஷ்தார் மறுபடி அழைப்பு விடுத்தது. பாலஸ்தீன மக்களுடனான ஒருமைப்பாட்டு நாளாக ஐ.நா. குறித்திருக்கும் நவம்பர் 29 அன்று, உலகின் எந்த மூலையில் இருக்கும் குழுவானாலும் தனிமொழிகளை எடுத்து வாசிக்கலாம் என்றார்கள். பெரிய அரங்கங்களும் வாசித்தன, வகுப்பறைகளும் வாசித்தன. பிரதிகள் இணையத்தில் பல மொழிகளில் கிடைக்கின்றன.

தமிழ்நாட்டில் நவீன நாடகக் குழுக்களுக்கும் வீதி நாடகக் குழுக்களுக்கும் குறைவில்லை. கல்லூரி நாடக மன்றங்களும் நிறைய. ஒரு தனிமொழியை வாசிக்கச் சில நிமிடம் போதும். ஒளியமைப்பு வேண்டாம், அரங்கப் பொருள் வேண்டாம், ஒரு நூலக அறையும் நான்கைந்து நாற்காலியும் போதும். மொழிபெயர்க்கவும் ஒத்திகை பார்க்கவும் கொஞ்சம் நாள் தேவைப்படும் என்பதால், வருகிற நவம்பர் 29-ஐ மனதில் வைத்திருக்கும் குழுக்கள் இப்போதே பிரதியைக் கையில் எடுக்கட்டும்.